லெம்மியை விட்டுப் போகலாமா? ஒரு ஃபெடிவர்ஸ் குழுவின் தலைவலி

வாட்ஸ்அப் குரூப்பை டெலிகிராமுக்கு மாத்தணும்னா ஒரு லிங்க் போதும். வர்றவங்க வருவாங்க, மத்தவங்க பழைய குரூப்பிலேயே குட் மார்னிங் போட்டுக்கிட்டு இருப்பாங்க. ஆனால் ஃபெடிவர்ஸில் இயங்கும் ஒரு குழு தன் சாஃப்ட்வேரை மாற்ற நினைத்தால் கதை வேறு. பீஹாவ் என்ற ஆன்லைன் குழு 2023-ல் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது.

ஃபெடிவர்ஸ்னா என்ன?

ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மெயில் அனுப்பலாம் இல்லையா? அதே கதைதான். தனித்தனி சர்வர்கள், தனித்தனி முதலாளிகள், ஆனால் பேசிக்கொள்ளப் பொதுவான ஒரு மொழி. அதன் பெயர் ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பு இதை அதிகாரபூர்வ தரநிலையாகப் பரிந்துரைத்தது.

இதில் ட்விட்டர் மாதிரி இருப்பது மாஸ்டடான். 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, கோபத்தில் இந்தியர்கள் பலர் கணக்கு தொடங்கினார்களே, அதுதான். ரெட்டிட் மாதிரி இருப்பது லெம்மி. பீஹாவ் ஓடுவது லெம்மியில்.

2023-ல் என்ன நடந்தது?

வெளி ஆப்களிடம் ஏபிஐ கட்டணம் வசூலிக்கப்போவதாக ரெட்டிட் அறிவித்தது. ஆயிரம் கோரிக்கைகளுக்கு 0.24 டாலர். கேட்க சில்லறை மாதிரி இருக்கும். ஆனால் அப்பல்லோ என்ற பிரபல ஆப்பை உருவாக்கியவர், தனக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் செலவாகும் என்றார். ஜூன் 12 அன்று ஆயிரக்கணக்கான சப்ரெட்டிட்கள் எதிர்ப்புத் தெரிவித்து மூடப்பட்டன. ஒரு கூட்டம் லெம்மி பக்கம் வந்தது.

பீஹாவில் சேர, ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும். டவுன்வோட் பட்டனே கிடையாது. ஆனால் பக்கத்து சர்வரான லெம்மி டாட் வேர்ல்டில் அப்போது யார் வேண்டுமானாலும் உடனே கணக்கு தொடங்க முடிந்தது. அங்கே தொடங்கி, இங்கே வந்து வம்பு வளர்க்க முடிந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய அட்மின்களால் சமாளிக்க முடியவில்லை. ஆட்களை வடிகட்ட நுணுக்கமான கருவிகள் அப்போது லெம்மியில் இல்லை. ஒன்று, சர்வரையே மொத்தமாகத் துண்டிக்கணும். இல்லை, எல்லாத்தையும் பொறுத்துக்கணும். அந்த ஜூன் மாதமே லெம்மி டாட் வேர்ல்டையும் இன்னொரு பெரிய சர்வரையும் பீஹாவ் துண்டித்தது. வம்பே செய்யாத ஆயிரக்கணக்கானவர்களுக்கும் சேர்த்துக் கதவு அடைபட்டது.

அதன்பிறகுதான், 'லெம்மியே நமக்குச் சரிவருமா?' என்ற பேச்சு வந்தது. ஃபெடரேஷனே வேண்டாமே என்ற யோசனையும் எழுந்தது.

சரி, மாத்திட வேண்டியதுதானே?

இங்கேதான் சிக்கல். ஃபெடிவர்ஸில் ஒவ்வொரு பயனருக்கும், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முகவரியும் டிஜிட்டல் சாவியும் உண்டு. மற்ற சர்வர்கள் இவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, 'இந்தப் பதிவு நிஜமாகவே இவரிடமிருந்துதான் வந்ததா' என்று சரிபார்க்கும். முகவரியின் வடிவமோ சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் மாறும். லெம்மியில் குழுவின் பெயருக்கு முன்னால் 'சி' வரும், கே-பின்னில் 'எம்' வரும். பழைய சாவிகளைக் கொண்டுவராமல் அதே டொமைனில் புது சாஃப்ட்வேரை நிறுவினால், மற்ற சர்வர்களுக்கு நீங்கள் ஆள்மாறாட்டக்காரர் மாதிரிதான் தெரிவீர்கள். புது டொமைனுக்குப் போனால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் பழைய லிங்க்குகள், சந்தாதாரர்கள் எல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து.

பதிவுகளின் நிலை இன்னும் விசித்திரம். நகல்கள் ஏற்கெனவே பல சர்வர்களில் கிடக்கும். அவை சுட்டிக்காட்டும் மூல முகவரிதான் செத்துப்போயிருக்கும்.

மாறினால் எதற்கு மாறுவது?

கே-பின் அழகாக இருந்தது. ஆனால் பெரும்பாலும் ஒரே ஒருவரின் உழைப்பை நம்பி இருந்தது. பொறுமையிழந்தவர்கள் 2023-லேயே எம்பின் என்று தனியாகப் பிரிந்தார்கள். 2024-ல் கே-பின்னின் முதன்மைத் தளமே நின்றுபோனது. அன்று அவசரப்பட்டு அங்கே மாறியிருந்தால்? பைத்தானில் எழுதப்பட்ட பைஃபெட் 2024-ல்தான் தலைகாட்டியது. லெம்மி எழுதப்படுவது ரஸ்ட்டில். நடுராத்திரி சர்வர் படுத்தால் சரிசெய்ய உங்கள் குழுவில் யாருக்கு எந்த மொழி தெரியும் என்பது, எந்த வசதிப் பட்டியலையும்விட முக்கியமான கேள்வி என்பேன்.

சாஃப்ட்வேரை மாற்றினால் தீராத பிரச்சினையும் உண்டு. லெம்மியின் பெரிய சர்வர்களில் ஒன்றான லெம் டாட் ஈஈ 2025 ஜூனில் மூடப்பட்டது. காரணம் கோடிங் அல்ல, அட்மின்களின் களைப்பு. சம்பளமில்லாமல் தினமும் புகார்களைப் படிப்பது லேசுப்பட்ட வேலையா?

பேச்சு தொடங்கி ஒரு வருடம் கடந்த பிறகும் பீஹாவ் லெம்மியில்தான் இருந்தது.

நீங்க லெம்மியில இருக்கீங்களா?

2023 டிசம்பரில் வந்த 0.19 பதிப்பு முதல், செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் வசதி உள்ளது. பின்தொடரும் குழுக்கள், பிளாக் செய்தவர்கள், சேமித்த பதிவுகள் ஆகியவற்றை ஒரு ஃபைலாக இறக்கி வேறொரு லெம்மி சர்வரில் ஏற்றலாம். நீங்கள் எழுதிய பதிவுகள் அதில் வராது. முக்கியமானவற்றைத் தனியாகக் காப்பி எடுத்து வையுங்கள்.