இரண்டு சிறிய ஜெனரேட்டர்களை ஒன்றாக இணைக்கலாமா? கவனிக்க வேண்டிய மின் பாதுகாப்பு அம்சங்கள்

புது தில்லி: ஒடிசாவின் புரி அருகே 2019 மே 3-ஆம் தேதி ஃபானி புயல் கரையைக் கடந்தபோதும், மறு ஆண்டு மே மாதம் மேற்கு வங்கத்தை அம்பன் புயல் தாக்கியபோதும், மின்கம்பங்கள் சாய்ந்து பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் மூழ்கின. அத்தகைய நாட்களில் வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் கைகொடுப்பவை, கையில் தூக்கிச் செல்லக்கூடிய பெட்ரோல் ஜெனரேட்டர்களே. 2 கேவிஏ அளவிலான ஒரு ஜெனரேட்டரால் விளக்குகளையும் மின்விசிறிகளையும் ஒரு குளிர்சாதனப் பெட்டியையும் இயக்கிவிட முடியும். தண்ணீர் மோட்டாரையோ குளிரூட்டியையோ இயக்க வேண்டுமெனில் அந்தத் திறன் போதாது. அண்டை வீட்டில் இன்னொரு ஜெனரேட்டர் இருக்கிறது; இரண்டையும் இணைத்தால் இரு மடங்கு மின்சாரம் கிடைக்காதா என்ற கேள்வி எழுவது இங்குதான்.

இணைப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்களை, அவற்றின் தயாரிப்பாளர் வழங்கும் இணைப்புச் சாதனத்தின் மூலம் மட்டுமே ஒன்றிணைக்கலாம். மற்ற சாதாரண ஜெனரேட்டர்களை வீட்டிலோ கடையிலோ கம்பி கொண்டு இணைப்பது, இயந்திரத்துக்கும் மனித உயிருக்கும் ஆபத்தானது.

பேட்டரிக்குப் பொருந்தும் கணக்கு இங்கு பொருந்தாது

ஒரே அளவுள்ள இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைப் பக்க இணைப்பில், அதாவது நேர்முனையுடன் நேர்முனையும் எதிர்முனையுடன் எதிர்முனையும் சேரும்படி இணைத்தால் அவை ஒற்றுமையாக இயங்கும். நேர்மின்னோட்டத்தில் முனைகள் மாறுவதில்லை என்பதே காரணம். ஜெனரேட்டர் தருவதோ மாறுதிசை மின்னோட்டம். இந்தியாவில் அது விநாடிக்கு 50 முறை முழுச் சுற்றாக ஏறி இறங்குகிறது. இரண்டு ஜெனரேட்டர்களும் 230 வோல்ட் என்றே காட்டினாலும், ஒன்றின் அலை உச்சத்தில் இருக்கும் அதே கணத்தில் மற்றொன்றின் அலை பள்ளத்தில் இருக்கக்கூடும். அந்த நிலையில் இரண்டின் பேஸ் கம்பிகளுக்கும் இடையே 460 வோல்ட் வித்தியாசம் நிற்கும். உச்ச மதிப்பில் இது ஏறத்தாழ 650 வோல்ட்.

இரு அலைகளும் முழுமையாக எதிரெதிரே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 60 பாகை விலகல் இருந்தாலே வித்தியாசம் 230 வோல்ட் ஆகிவிடும். வெறும் 10 பாகை விலகலில் அது 40 வோல்ட் அளவுக்கு இருக்கும். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றினாலும், இந்த 40 வோல்ட்டைத் தடுத்து நிறுத்த நடுவில் எந்தச் சாதனமும் இல்லை. ஜெனரேட்டர்களின் சுருள்களும் இணைப்புக் கம்பியும் மட்டுமே உள்ளன. அவற்றின் மின்தடை மிகக் குறைவு என்பதால், எந்தப் பயன்பாட்டுக்கும் உதவாத பெரும் மின்னோட்டம் இரு இயந்திரங்களுக்கு இடையே சுற்றிவரும். பிரேக்கர் விழுவது அதிர்ஷ்டமான முடிவு. சுருள் எரிவதும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏவிஆர் பலகை பழுதாவதும், கம்பி இணைக்கப்படும் இடத்தில் தீப்பொறி தெறித்துக் கை கருகுவதும் மற்ற முடிவுகள். அருகிலேயே பெட்ரோல் நிரம்பிய கலன் இருப்பதை மறந்துவிடலாகாது.

அதிர்வெண்ணும் ஒத்துப்போக வேண்டும். சாதாரணச் சிறு ஜெனரேட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அந்த வேகத்தை நிலைநிறுத்துவது ஒரு எளிய இயந்திர கவர்னர். சுமை இல்லாதபோது வேகம் சற்றுக் கூடும். சுமை ஏறும்போது குறையும். ஒரு ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸிலும் மற்றொன்று 50.5 ஹெர்ட்ஸிலும் ஓடினால், அவற்றின் அலைகள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒன்றுசேர்ந்து மீண்டும் முற்றிலும் விலகும்.

இந்த ஒத்திசைவு எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நாட்டின் மின்தொகுப்பே சான்று. வடக்கு, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு மண்டலங்களின் மின்தொகுப்புகள் முன்பே ஒன்றிணைந்துவிட்ட நிலையில், தென்மண்டலம் மட்டும் தனித்து நின்றது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழித்தடம் வாயிலாக அதுவும் ஒத்திசைவுடன் சேர்ந்த பிறகே, நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கத் தொடங்கியது. அனல், நீர், அணு மின்நிலையங்களின் ஜெனரேட்டர்கள் அனைத்தும் இன்று ஒரே தாளத்தில் சுழல்கின்றன. மின்தொகுப்பு விதிகள் அனுமதிக்கும் அதிர்வெண் வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே.

மருத்துவமனைகளிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களிலும் பெரிய டீசல் ஜெனரேட்டர்கள் பக்க இணைப்பில் இயங்குகின்றனவே என்று கேட்கலாம். அவற்றுக்குத் தனி ஒத்திசைவுப் பலகை உண்டு. மின்னழுத்தம், அதிர்வெண், அலைநிலை ஆகியவை பொருந்திய கணத்தில் மட்டுமே பிரேக்கர் மூடப்படும். சுமையைப் பங்கிடும் கருவியும், ஒரு ஜெனரேட்டர் மற்றொன்றிடமிருந்து மின்சாரத்தை உள்வாங்கத் தொடங்கினால் உடனே துண்டிக்கும் ரிலேவும் அதில் இருக்கும். கைக்கு அடக்கமான பெட்ரோல் ஜெனரேட்டரில் இவற்றில் ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக் ஆய்வகங்களில் விளக்குகளை வைத்து, அவை அணையும் கணத்தில் சுவிட்சை மூடும் பழைய முறை கற்பிக்கப்படுகிறது. அதை வீட்டு முற்றத்தில் முயல்பவர்கள் கவனிக்கத் தவறுவது, சுவிட்ச் மூடிய பிறகு நடப்பதைத்தான். ஓர் எஞ்சினில் பெட்ரோல் தீர்ந்தால், மற்ற ஜெனரேட்டர் அதை மோட்டாரைப் போலச் சுழற்றத் தொடங்கும். தன் திறனில் ஒரு பகுதியை அதிலேயே இழக்கும்.

இன்வெர்ட்டர் வகை எப்படி வேறுபடுகிறது?

இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் எஞ்சின் உருவாக்கும் மின்சாரம் நேரடியாக வெளியே வருவதில்லை. அது முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு, பின்னர் மின்னணுச் சுற்றின் மூலம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையாக வடிவமைக்கப்படுகிறது. எஞ்சின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் வெளிவரும் அலை மாறாது. பக்க இணைப்புக்கு ஏற்ற மாடல்களில், இரண்டாவது ஜெனரேட்டரின் மின்னணுச் சுற்று முதலாவதன் அலையை உணர்ந்து, அதனுடன் தன்னைப் பொருத்திக்கொண்ட பிறகே மின்சாரத்தை வெளியிடும். சுமையையும் இரண்டும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். ஹோண்டா, யமஹா உள்ளிட்ட நிறுவனங்கள் இவ்வசதி கொண்ட மாடல்களைத் தயாரிக்கின்றன.

எனினும் எல்லா இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களுக்கும் இவ்வசதி இருப்பதில்லை. முகப்புப் பலகையில் பக்க இணைப்புக்கெனத் தனி முனைகள் உள்ளனவா என்பதையும், எந்த மாடலுடன் எந்த மாடலை இணைக்கலாம் எனக் கையேட்டில் கூறப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகையில் ஒரே திறன் அச்சிடப்பட்டுள்ளது என்பதற்காக வெவ்வேறு நிறுவனங்களின் ஜெனரேட்டர்களை இணைக்கக் கூடாது. ஒன்றின் மின்னணுக் கட்டுப்பாடு மற்றொன்றுக்குப் புரியும் என்ற உறுதி இல்லை. எரிபொருள் சிக்கனத்துக்கான ‘ஈகோ’ சுவிட்ச் இரு ஜெனரேட்டர்களிலும் ஒரே நிலையில் இருப்பதும் அவசியம்.

இருமுனை பிளக் கம்பி: மிகப் பெரிய ஆபத்து

இணைப்புச் சாதனம் வாங்கப் பணம் செலவழிக்க மனமின்றி, ஒரு கம்பியின் இரு முனைகளிலும் மூன்று ஊசி பிளக்கைப் பொருத்தி, இரண்டு ஜெனரேட்டர்களின் சாக்கெட்டுகளிலும் செருகுவது சிலரது வழக்கம். சாதாரண மின்கருவியில் பிளக்கைப் பிடுங்கினால், அதன் ஊசிகளில் மின்சாரம் இருக்காது. மின்சாரம் சாக்கெட்டுக்குள் பாதுகாப்பாக மறைந்திருக்கும். இந்தக் கம்பியிலோ நிலைமை தலைகீழ். ஒரு முனையைப் பிடுங்கிய உடனே, கையில் உள்ள வெற்று ஊசிகளில் மறு ஜெனரேட்டரின் 230 வோல்ட் முழுவதும் வந்து நிற்கும். மழை ஈரத்தில், வெறுங்காலுடன் நிற்பவருக்கு அதிலிருந்து தப்பிக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதிர்வில் பிளக் தானாகக் கழன்று தரையில் விழுந்தாலும் இதே கதிதான். அதை முதலில் தொடுவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

தயாரிப்பாளரின் இணைப்புச் சாதனத்தில் முனைகள் விரல் படாத வகையில் உறையிடப்பட்டிருக்கும். அப்படியிருந்தும், கம்பியைப் பொருத்துவதும் கழற்றுவதும் இரு எஞ்சின்களும் முழுமையாக நின்ற பிறகே நடைபெற வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்தி, எண்ணெய் மாற்றுவதற்காகத் திறப்பவர், ஓடிக்கொண்டிருக்கும் மற்றதிலிருந்து இணைப்பு முனைகளுக்கு மின்சாரம் வருவதை உணராமல் போகலாம். ஒரே ஜெனரேட்டரைப் பயன்படுத்தும் நாட்களில் இணைப்புக் கம்பியை அகற்றிவிடுவதே முறை.

கம்பியின் தாங்குதிறனும் இங்கு கணக்கில் வருகிறது. தொடர்ச்சியாக 1.8 கேவிஏ தரும் ஜெனரேட்டர் ஏறத்தாழ 7.8 ஆம்பியர் வழங்கும். இரண்டு சேர்ந்தால் அது 15.6 ஆம்பியர். ஒற்றை ஜெனரேட்டருக்கெனப் போட்ட மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் இதைச் செலுத்தினால் கம்பி சூடேறி உறை உருகும். சுருட்டி வைத்த கம்பி இன்னும் விரைவில் சூடாகும். எனவே ஒருங்கிணைந்த சுமையை, இணைப்புச் சாதனத்தில் அதற்கென உள்ள 16 ஆம்பியர் அல்லது அதற்கு மேற்பட்ட சாக்கெட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படும் ‘அதிகபட்சத் திறன்’ குறுகிய நேரத்துக்கு மட்டுமே உரியது; கணக்கிட வேண்டியது தொடர் திறனைத்தான்.

எர்த் இணைப்பும் ஆர்சிசிபியும்

பெரும்பாலான சிறு ஜெனரேட்டர்களில் நியூட்ரல், உலோகச் சட்டத்துடன் இணைக்கப்படாமல் மிதந்த நிலையில் இருக்கும். இதனால் முதல் கசிவு ஏற்படும்போது மின்சாரம் திரும்பிச் செல்லப் பாதை இல்லை. அதிர்ச்சியும் பெரிதாகத் தெரியாது, 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபியும் செயல்படாது. இரண்டாவது கசிவு வேறொரு கருவியில் ஏற்படும்போதுதான் ஆபத்து முழு உருவில் வெளிப்படும். இரண்டு ஜெனரேட்டர்கள் சேரும்போது கம்பிகளும் கருவிகளும் கூடுவதால் இந்த வாய்ப்பும் கூடுகிறது. இதற்குத் தீர்வாக இரு ஜெனரேட்டர்களிலும் நியூட்ரலையும் சட்டத்தையும் தனித்தனியே இணைப்பதும் தவறு. அவ்வாறு செய்தால் நியூட்ரல் மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் கம்பி வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் ஓடத் தொடங்கும். ஆர்சிசிபி காரணமின்றி விழும். அடிக்கடி விழுகிறதே என்று அதை நீக்கிவிடுவோரும் உண்டு. கையேடு கூறும்படி இரு ஜெனரேட்டர்களின் எர்த் முனைகளையும் ஒன்றோடொன்று இணைப்பதும், நியூட்ரல் இணைப்பு தேவையா, எந்த ஓரிடத்தில் தேவை என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளர் முடிவு செய்வதுமே சரியான நடைமுறை.

வீட்டு மின்சுற்றுடன் இணைக்கும்போது

ஜெனரேட்டரின் மின்சாரத்தைச் சுவர் சாக்கெட் வழியாக வீட்டுக்குள் செலுத்துவது, இரண்டு ஜெனரேட்டர்கள் வந்த பிறகு இன்னும் கவர்ச்சியான குறுக்குவழியாகத் தெரியும். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், அந்த மின்சாரம் வீட்டு இணைப்பு வழியாகத் தெருக்கம்பிக்குச் செல்லும். அங்கிருந்து விநியோக மின்மாற்றியை அடைந்தால், 230 வோல்ட் பின்னோக்கி உயர்ந்து 11,000 வோல்ட் வழித்தடத்தில் தோன்றக்கூடும். மின்சாரம் இல்லை என நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரின் உயிரை இது பறிக்கும். மின்வாரிய மின்சாரம் திடீரெனத் திரும்பினாலோ, ஒத்திசையாத இரு ஜெனரேட்டர்களுக்கு நேர்வது, நாட்டின் மின்தொகுப்பு முழுவதற்கும் எதிராக நிற்கும் அந்தச் சிறு ஜெனரேட்டருக்கு நேரும்.

இதைத் தடுக்க, பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேர மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம் தேவை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி இத்தகைய மின்நிறுவல் பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வாயிலாகவே செய்ய வேண்டும். 2010-ஆம் ஆண்டின் விதிமுறைகளுக்கு மாற்றாக 2023-இல் புதிய விதிமுறைகள் நடைமுறைக்கு வந்துள்ளன.

இணைக்காமலே பயன்படுத்துவது

பல வீடுகளுக்கு இணைப்பே தேவைப்படாது. ஒரு ஜெனரேட்டர் விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டிக்கும், மற்றொன்று மோட்டாருக்கு மட்டும் எனச் சுமையைப் பிரித்துவிட்டால், மேற்கூறிய சிக்கல்களில் பெரும்பாலானவை எழவே எழாது. இரண்டின் நியூட்ரல் கம்பிகளும் எங்கும் கலக்காமல், தனித்தனி நீட்டிப்புப் பலகைகள் தள்ளி வைக்கப்பட வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் தொடங்கும் கணத்தில் இயல்பைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், அதைத் தாங்காத இரண்டு சிறு ஜெனரேட்டர்களைச் சேர்த்துப் போராடுவதைவிட, தகுந்த திறனுள்ள ஒன்றை வாடகைக்கு எடுப்பது செலவிலும் லாபமாக இருக்கலாம்.

இரண்டு எஞ்சின்கள் வெளியிடும் கார்பன் மோனாக்சைடும் இரு மடங்கு. மணமற்ற இந்த நச்சுவாயு, சன்னல் திறந்திருக்கும் அறையிலும் உயிரைக் குடிக்கும். மழைக்குப் பயந்து வராந்தாவிலோ மாடிப்படியின் கீழோ ஜெனரேட்டரை வைக்கக் கூடாது.

கூரையில் சூரிய மின்சக்தித் தகடுகள் பொருத்திய வீடுகள் பெருகிவரும் நிலையில், மேலும் ஒரு கவனம் தேவைப்படுகிறது. மின்தொகுப்புடன் இணைந்த ‘ஆன்-கிரிட்’ சோலார் இன்வெர்ட்டர், மின்தடையின்போது தானாக நின்றுவிடும். வீட்டில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால், அதை மின்வாரிய மின்சாரம் எனக் கருதி மீண்டும் இயங்கலாம். வெயில் நேரத்தில் வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை ஜெனரேட்டரை நோக்கியே தள்ளும். இதுவும் விரும்பாமலே நிகழும் ஒரு பக்க இணைப்புதான். ஜெனரேட்டருக்கெனத் தனி உள்ளீட்டு முனை இல்லாத இன்வெர்ட்டர் எனில், ஜெனரேட்டரை இயக்குவதற்கு முன் அதன் ஏசி சுவிட்சை அணைத்து வைத்து, மின்வாரிய மின்சாரம் திரும்பிய பிறகே மீண்டும் இயக்க வேண்டும்.