கேட்டுக் கற்ற மொழி

அலுவலகம் ஒன்றில் பத்து விண்டோஸ் கணினிகள் வலையமைப்பில் பிணைந்திருக்கின்றன. ஓரத்தில் ஒரு லினக்ஸ் கணினி. அதிலுள்ள கோப்புகளை மற்றவை திறக்கின்றன; மற்றவற்றின் அச்சுப்பொறியை அதுவும் பயன்படுத்துகிறது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று இன்று தோன்றலாம். ஆனால் கம்பி பொதுவாக இருந்தால் போதாது; பேச்சும் பொதுவாக இருக்க வேண்டும். கற்பிப்பார் இல்லாத அந்தப் பேச்சை ஒருவர் கேட்டுக் கேட்டே கற்ற வரலாறு இது.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. பின்னர் மைக்ரோசாஃப்ட் அதைத் தன் போக்கில் வளர்த்தது. யுனிக்ஸ் வழிவந்த கணினிகளின் பேச்சு வேறு.

1991 டிசம்பரில், கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், தம் டாஸ் கணினியிலிருந்து யுனிக்ஸ் கணினியின் வட்டை அணுக விரும்பினார். டாஸ் கணினியில் இருந்த டிஜிட்டல் நிறுவனத்தின் மென்பொருள் எந்த மொழியில் பேசுகிறது என்பது அவருக்குத் தெரியாது. கம்பியில் ஓடும் தரவுப் பொதிகளைப் பிடித்துக் காட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதினார். எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகிறது என்று கவனித்து, அதே விடைகளைத் தரும் வழங்கி நிரலை 1992 ஜனவரியில் வெளியிட்டார். தாம் கற்றது எஸ்.எம்.பி. என்பதே அவருக்குப் பிறகுதான் தெரிந்தது! ஏறக்குறைய இரண்டாண்டுகள் கழித்து, மனைவியின் விண்டோஸ் கணினியைத் தம் லினக்ஸோடு இணைக்க விரும்பியபோது பணியை மீண்டும் கையிலெடுத்தார்.

அகராதியின்றிப் பிரெஞ்சு உணவகத்தில் அமர்ந்து, யார் என்ன கேட்டால் பரிசாரகர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்த்தே மொழியைக் கற்பதற்குத் தம் முறையை அவர் பின்னாளில் ஒப்பிட்டார். இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்று படித்த நமக்கு இது புதிதன்று. வழக்கிலிருந்தே விதியைக் கண்டெடுத்தார்.

நிரலின் முதற்பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கொண்டாடவே, எஸ், எம், பி என்னும் எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினியின் சொற்பட்டியலில் தேடினார். கிடைத்தவற்றுள் ஒன்று சாம்பா. நமக்கு நெல் நினைவுக்கு வரும். அங்கே அது பிரேசில் நாட்டு நடனம்.

ஆனால் கேட்டுக் கற்பதற்கும் எல்லை உண்டு. மைக்ரோசாஃப்ட் புதுப்புது வழக்குகளைச் சேர்த்துக்கொண்டே சென்றது. அவற்றின் முழு இலக்கணம் வெளிவரவில்லை. சாம்பா குழுவினர் ஒவ்வொரு முறையும் பின்னால் ஓட வேண்டியிருந்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு ஏறத்தாழ 49.7 கோடி யூரோ தண்டம் விதித்து, பிறர் மென்பொருள்கள் உரையாடத் தேவையான விவரங்களைத் தருமாறு ஆணையிட்டது. மேல்முறையீட்டில் 2007 செப்டம்பர் 17 அன்று நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஒரே தவணையாக 10,000 யூரோ கட்டணத்தில், சாம்பாவின் பொருட்டு அந்த ஆவணங்கள் பெறப்பட்டன. ஆவணங்களை வெளியிடக் கூடாது. அவற்றைப் படித்து எழுதிய நிரலைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிடலாம் என்பது உடன்பாடு.

2012 டிசம்பரில் வெளிவந்த சாம்பா 4.0, பயனர்களையும் கடவுச்சொற்களையும் ஆளும் விண்டோஸ் தலைமை வழங்கியின் இடத்தில் தானே அமரும் தகுதி பெற்றிருந்தது. அதன் ஆக்கத்தில் மைக்ரோசாஃப்டின் ஆவணங்களும் உதவின. இருபதாண்டுகளுக்குமுன் ஒரு மாணவர் ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழியை, உரியவர்களே உடனிருந்து திருத்தித்தரும் நிலை வந்தது. அதற்கு அவருடைய காதும் வேண்டியிருந்தது. நீதிமன்றத்தின் தீர்ப்பும் வேண்டியிருந்தது.