இரண்டாவது துவக்கைச் சுமந்தவன்

ஹோட்டன் சமவெளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பேக்கர் நீர்வீழ்ச்சியில் நிற்காமல் வர முடியாது. யார் அந்தப் பேக்கர் என்ற கேள்வியும் வராமல் போகாது. சாமுவேல் பேக்கர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த ஆங்கிலேயர். பண்ணை வைத்தவர், பெரிய வேட்டைக்காரர், பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போனவர். கடந்த தடவை நான் அவருடைய ஒற்றை வெடித் துவக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் கேட்டான்: “சேர், இருக்கிறதே ஒரு வெடி. அது தவறினா ஆனை வந்திருமே, பொறகு என்ன செய்வாரு?”

நல்ல கேள்வி. பேக்கரின் புத்தகங்களை நான் திரும்ப எடுத்துப் பார்த்ததே அந்தப் பிள்ளையால்தான்.

அந்த ரைஃபிளை அவர் கடையில் வாங்கவில்லை. 1840இல், இருபது வயதுகூட நிறையாத காலத்தில், தானே வரைபடம் போட்டு பிரிஸ்டல் நகரத்துத் துவக்குத் தொழிலாளர் கிப்ஸிடம் செய்வித்தார். எடை 21 இறாத்தல், நம் கணக்கில் ஒன்பதரைக் கிலோ. குழலின் நீளம் 36 அங்குலம். மூன்று அவுன்ஸ் உருண்டைக் குண்டும் போடலாம், நான்கு அவுன்ஸ் கூர்முனைக் குண்டும் போடலாம். மருந்து 16 டிராம், அதாவது முழுசாக ஒரு அவுன்ஸ். இவ்வளவு மருந்தா என்று அந்தக் காலத்தவர் சிரித்திருப்பார்கள்.

ஆனால் சோதனையே அதில்தான் இருந்தது. ரைஃபிள் குழலின் உள்ளே சுருள் சுருளாகப் புரி வெட்டியிருக்கும். குண்டு அந்தப் புரியைப் பிடித்துக்கொண்டு சுழன்று வெளியேறினால்தான் நேராகப் போகும். மருந்தைக் கூட்டினால் வேகம் கூடும், குண்டின் பாதை தட்டையாகும், தூரத்தைச் சரியாக மதிக்காவிட்டாலும் குறி அதிகம் பிசகாது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் மருந்து கூடினால் ஈயக் குண்டு புரியைப் பிடிக்காமல் வழுக்கி வெளியே பாயும். பிறகு குறி எங்கே, குண்டு எங்கே! இதற்காகத்தான் பேக்கர் இரண்டே புரி வைத்தார். குண்டின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டி; அந்தப் பட்டி புரிக்குள் சரியாக உட்கார வேண்டும். 1837இல் பிரித்தானியப் படை எடுத்துக்கொண்ட பிரன்ஸ்விக் ரைஃபிளும் இதே ஏற்பாடுதான். பேக்கர் செய்த புதுமை எடையிலும் மருந்திலும் இருந்தது.

இலக்குப் பலகையில் குறி பார்ப்பது ஒரு கதை. ஒரே தூரத்தில் நின்று பல வெடி வைத்து, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். காட்டிலே கதை வேறு. யானைக்குப் பக்கத்திலே போய், நெற்றியில் மூளைக்கு நேரான ஒரு சின்ன இடத்தைத் தேட வேண்டும். இலங்கை யானைக்கு நெற்றி வெடி பலித்தது. அதே நம்பிக்கையோடு ஆபிரிக்காவுக்குப் போனவர், அங்கத்திய யானையின் மண்டை அமைப்பு வேறு, நெற்றி வெடியை நம்ப முடியாது என்று கண்டுகொண்டார். (அங்கே அவர் கையில் இருந்தது அரை இறாத்தல் குண்டு போடும் இன்னொரு ஒற்றைக் குழல் துவக்கு. சூடானிய அரபிகள் அதைப் ‘பீரங்கியின் பிள்ளை’ என்றார்களாம். சொல்லத் தெரிந்தவர்கள்!) இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நுவரெலியாக் குளிரில் அவர் மரை வேட்டைக்குப் போனது பெரும்பாலும் நாய்க்கூட்டத்தோடும் கத்தியோடும்தான். பெரிய ரைஃபிளின் வேலை தாழ்நிலக் காடுகளில்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். 1854இல் வெளிவந்த தன் வேட்டை நூலில் பேக்கர் தன் ஆயுதங்களைக் கணக்குச் சொல்கிறார்: 21 இறாத்தல் ஒற்றைக் குழல் ஒன்று, 16 இறாத்தல் ஒற்றைக் குழல் ஒன்று, இரட்டைக் குழல் நான்கு. ஆக ஆறு துவக்கு, பத்து வெடி. ஒரு மனிதன் இதைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடக்க முடியுமா? வாய்வழியே மருந்து கொட்டி, குண்டை இடித்து இறக்கி, கேப்பு வைத்து முடிப்பதற்குள் யானை வந்து சேர்ந்துவிடும். அதனால் முதல் வெடி தவறினதும் அவர் கையைப் பின்னால் நீட்டுவார். பின்னால் நிற்பவன் அடுத்த துவக்கை அந்தக் கையில் வைக்க வேண்டும். அவன் ஓடிவிட்டால் வேட்டைக்காரர் மய்யித்து. அந்த ரைஃபிளின் குறி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பின்னால் நின்றவனின் கால் நடுங்காமல் இருந்ததில்தான் பேக்கரின் உயிர் இருந்தது. நூலிலே அவர்கள் ஓரிருவரைத் தவிரப் பெயரில்லாமலே வந்து போகிறார்கள்.

அவர்களெல்லாம் நம் ஆட்கள் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. சிங்களவரும் தமிழரும் அந்த வேலை செய்தார்கள். ஆனால் அந்தக் காலத்து யானைக் காடுகளில் முஸ்லிம்களின் காலடி இல்லாமல் இல்லை. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில், வடக்கிலும் கிழக்கிலுமுள்ள முஸ்லிம் கிராமங்களின் பணிக்கர்களை வியந்து எழுதுகிறார். துவக்கே இல்லாமல், தோல் கயிற்றைக் காலில் மாட்டி யானையை உயிரோடு பிடித்தவர்கள் அவர்கள். வெடி வைத்தவரின் பெயர் நீர்வீழ்ச்சிக்கு வந்தது, கயிறு போட்டவனின் பெயர் எங்கே?

மேஜர் ரொஜர்ஸின் கதையும் இப்படித்தான். 1,400 யானைகளுக்கு மேல் கொன்றவர் என்று டெனன்ட் எழுதியிருக்கிறார். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவருடைய கல்லறையிலும் இடி விழுந்தது என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அது அவர் தனி வெறி மட்டுமில்லை. யானை கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம். வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கேட்கப்பட்டது.

ரொஜர்ஸ் பதுளையில் அதிகாரியாக இருந்தபோது அவர் சேர்ந்திருந்த படை இலங்கை ரைஃபிள் படை. அதில் பெரும்பான்மையினர் மலாய் முஸ்லிம்கள். 1873இல் அந்தப் படை கலைக்கப்பட்டதும் சிலர் பொலிஸில் சேர்ந்தார்கள், சிலர் தோட்டங்களில் வேலை தேடினார்கள். படிக்காத கூட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாபா யூனுஸ் சல்தீன் 1869இலேயே ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் கொண்டுவந்த சமூகம் அது.

பதுளை, கண்டி, நுவரெலியாப் பக்கத்து மலாய்க் குடும்பங்களில் பழைய தகரப் பெட்டிகள் இருக்கும். அவற்றில் படையிலிருந்து விடுபட்ட கடதாசியோ, அரபு எழுத்தில் மலாய் எழுதிய கொப்பியோ கிடந்தால், வாசிக்கத் தெரியவில்லை என்று எரித்துவிடாதீர்கள். படம் எடுத்து இந்தச் சஞ்சிகைக்கு அனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் பாதிப் பதில்தான் சொல்லியிருக்கிறேன்.