வெள்ளித்திரையின் விடியல் – 7: விதைத்து எடுத்த படம்

சென்ற வாரம் ஒரு நாய் ஓடியது. 1905-இல் ஏழு பவுண்டு சொச்சத்தில் எடுத்த அந்தப் படத்துக்குக் கிராக்கி தாங்காமல் நெகட்டிவே தேய்ந்துபோனதையும், செசில் ஹெப்வொர்த் அதையே மேலும் இரண்டு முறை எடுத்ததையும் பார்த்தோம். லண்டனுக்கு வெளியே, வால்டன்-ஆன்-தேம்ஸில் இருந்த அவருடைய ஸ்டூடியோவுக்கு நாய்க்கு அடுத்தபடி யோகம் கொண்டுவந்தவர்கள் இரண்டு வாலுப் பெண்கள்.

ஆல்மா டெய்லர், கிறிஸ்ஸி ஒயிட். இருவரும் 1895-இல் பிறந்தவர்கள். டில்லி, சாலி என்ற பெயர்களில் இவர்கள் அடித்த லூட்டி 1910 முதல் 1915 வரை குட்டிக் குட்டிப் படங்களாக வந்துகொண்டே இருந்தது. 1911-இல் வந்த ஒன்றில், குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டியையே கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். பின்னாலேயே துரத்தி வருகிறார்கள் தீயணைப்பு வீரர்கள். பெண்கள் என்ன செய்தார்கள்? குழாயைத் திருப்பி அவர்கள் மீதே பீய்ச்சினார்கள். பெண் குனிந்த தலை நிமிராமல் இருக்கவேண்டும் என்று உபதேசிப்பது நம் ஊர்ப் பெரியவர்களின் ஏகபோகம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தக் கால இங்கிலாந்தும் அதையேதான் சொன்னது. திரையில் மட்டும் விசிலடித்து ரசித்தது.

1915-இல் 'பிக்சர்ஸ் அண்ட் பிக்சர்கோயர்' பத்திரிகை, பிரிட்டிஷ் நடிகர்களில் உங்கள் அபிமானம் யார் என்று வாசகர்களைக் கேட்டது. முதலிடம் ஆல்மாவுக்கு. சார்லி சாப்ளினுக்கு அவருக்குப் பின்னால்தான் இடம். சாப்ளின் லண்டனில் பிறந்தவர் என்றாலும் அப்போது அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். ஆல்மா வால்டனை விட்டு நகரவே இல்லை.

அந்த விசுவாசம்தான் அவரை ஏற்றியது. இறக்கியதும் அதுதான் என்பது என் கட்சி.

ஹெப்வொர்த்துக்குப் பிடித்த கதை 'கமிங் த்ரூ த ரை'. ரை என்பது கோதுமைக்குப் பங்காளியான ஒரு தானியம். அந்த வயலில் முளைக்கிறது ஹெலன் அடேரின் காதல். காதலன் பெயர் பால். குறுக்கே வருகிறாள் சில்வியா. ஹெலனுக்கு வேறொருவனோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று செய்தித்தாளில் பொய்யாக ஓர் அறிவிப்பு போடவைக்கிறாள். நான்கு வரி அச்சு! அதை நம்பி நொந்துபோன பால், சில்வியாவையே மணந்துகொள்கிறான்.

1916-இல் ஹெலனாக நடித்தபோது ஆல்மாவுக்கு 21 வயது. ஹெப்வொர்த்துக்கு மனம் ஆறவில்லை. 1923-இல் அதே கதையை, அதே ஆல்மாவை வைத்து மறுபடி எடுத்தார். இந்த முறை ஒரு வயலைப் பிடித்து ரை விதைக்கவே செய்தார், பயிர் வளர வளரப் படம் பிடிக்க. காட்சிக்குக் காட்சி சட்டென்று வெட்டித் தாவுவதும் அவருக்கு ஆகாது. ஒரு காட்சி மெல்ல இருண்டு அணைந்த பிறகே அடுத்தது விடியும். அமெரிக்கப் படங்கள் நாலுகால் பாய்ச்சலில் போய்க்கொண்டிருந்த காலத்தில், இவர் கதிர் முற்றக் காத்திருந்தார்.

கடன் காத்திருக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் கம்பெனியைப் பெரிதாக்கப் பங்குகள் வெளியிட்டார். எதிர்பார்த்த பணம் சேரவில்லை. 1924-இல் ஆல்மா விட்டு நகராத அந்தக் கம்பெனி திவாலாகி, நிர்வாகம் கடனைத் தீர்க்கச் சொத்துகளை விற்கும் ரிசீவர் கைக்குப் போனது. மேசை, நாற்காலி, விளக்கு என எல்லாவற்றுக்கும் விலை பேசப்பட்டது. கடைசியில் நெகட்டிவ் டப்பாக்கள்.

வால்டனில் சேர்த்துவைத்திருந்த நெகட்டிவ்கள் அவை. அவற்றையும் விலை பேசி வாங்க ஆள் இருந்தது. ஆனால் அவர்கள் தியேட்டர்காரர்கள் இல்லை. அவற்றில் பதிந்திருந்த முகங்களால் அவர்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை. பிலிமை உருக்கினால் கிடைக்கும் சரக்குதான் வேண்டியிருந்தது.

அந்தச் சரக்கு எங்கே போய் ஒட்டியது? அடுத்த வாரம் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

(தொடரும்)