இருபது சிலிங் மறுத்த பெருமகன்

செல்வர் ஒருவர் இருபது சிலிங் வரி கொடுக்க மறுத்தாரெனின், உலோபி என்றே உலகம் நகைக்கும். ஆங்கில நாட்டு வரலாறோ அவ்வாறு மறுத்த ஒருவரைப் பெருமகன் எனப் போற்றுகின்றது. அவரே ஜோன் ஹம்டன். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

பக்கிங்ஹம்ஷயரில் வழிவழி நிலமுடைய குடியொன்றில் 1595ஆம் ஆண்டளவில் இவர் தோன்றினார். ஒலிவர் குறொம்வெல்லுக்கு இவர் அத்தை மகன். ஒக்ஸ்போட்டிற் கற்று, பின் சட்டமும் பயின்று, 1621இல் பாராளுமன்றம் புகுந்தார். முதலாம் சாள்ஸ் மன்னர் பாராளுமன்றத்தின் இசைவின்றிக் கட்டாயக் கடன் கேட்டபோது, கொடுக்க மறுத்து 1627இற் சிறைப்பட்டார். மன்னரை எதிர்த்த நண்பர் சேர் ஜோன் எலியட் இலண்டன் கோபுரச் சிறையில் வாடிய காலத்து, அவர்தம் மைந்தரின் கல்வியிற் கருத்துச் செலுத்தியவரும் இவரே. எலியட் 1632இற் சிறையிலேயே மாண்டார்.

1629இற் பாராளுமன்றத்தைக் கலைத்த மன்னர், பதினோராண்டு அதனைக் கூட்டாமலே ஆண்டார். பணமுடை நெருக்கவே, ஆபத்துக் காலத்திற் கரையோர ஊர்களுக்கு உரியதாயிருந்த கப்பல் வரியை 1635இல் உள்நாட்டிற்கும் விரித்தார். பக்கிங்ஹம்ஷயருக்கோ கடற்கரையே இல்லை! ஸ்ரோக் மண்டவில் என்னும் ஊரிலிருந்த தம் நிலத்துக்கு விதிக்கப்பட்ட இருபது சிலிங்கை ஹம்டன் கொடுத்திலர்.

அவ்வரிப் பணம் கடற்படைக்கே செலவாயிற்று என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், வழக்கு பணத்தைப் பற்றியதன்று. குடிகளின் பிரதிநிதிகளைக் கேளாது குடிகளின் பொருளை மன்னர் கொள்ளலாமா என்பதே வினா.

நீதிபதிகள் பன்னிருவர் இதனை ஆராய்ந்தனர். 1638இல் எழுவர் மன்னர் பக்கமும் ஐவர் ஹம்டன் பக்கமும் நின்றனர். ஹம்டன் தோற்றார். ஆனால், மன்னரின் நீதிபதிகளுள்ளேயே ஐவர் அவருக்கு மாறாக நின்றமை நாடெங்கும் துணிவை ஊட்டியது. வரி கொடாதோர் தொகை பெருகிற்று. 1641இற் பாராளுமன்றம் அவ்வரியைச் சட்டவிரோதமென நீக்கியது.

1642 ஜனவரி 4ஆம் நாள், ஹம்டன் உள்ளிட்ட ஐவரைப் பிடிக்க மன்னர் படைவீரருடன் பொதுச்சபைக்கே வந்தார். ஐவரும் முன்னரே அகன்றிருந்தனர். அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. தம் செலவிற் படை திரட்டிய ஹம்டன், 1643 ஜூன் 18இல் சால்குறோவ் களத்திற் படுகாயமுற்று, ஆறாம் நாள் தேம் என்னும் ஊரில் உயிர் நீத்தார். வெற்றியைக் காண அவர் இருந்திலர்.

இளைஞர்காள்! இருபது சிலிங் அவருக்கு ஒரு பொருட்டன்று. சிறிதுதானே என்று இன்று உரிமையை விட்டுக்கொடுப்போர், பெரிது பறிபோகும் நாளில் எதனைச் சொல்லித் தடுப்பர்? தோற்ற வழக்கும் வீண்போவதில்லை என்பதே ஹம்டன் வாழ்வில் நாம் காணும் உண்மை.