கவர்னர் பதவியும் கால வரையறையும்

நம் சமூகத்தார் கூடுமிடந்தோறும், இராஜபாளையத்தினின்று ஒரு கவர்னர் தோன்றினார் என்று பெருமை பேசுதல் வழக்கம். அப்பெருமை தக்கதே. ஆயினும் அதன் முழு வரலாற்றையும் நம் இளைஞர் அறிதல் வேண்டுமென விழைகின்றோம்.

1898-இல் இராஜபாளையத்திற் பிறந்த ஸ்ரீ பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்கள், 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னையின் முதல் மந்திரியாக விளங்கினார். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில், அண்டையூராகிய ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே தோல்வியுற்றார். பின்னர் 1954-இல், இன்று ஒடிசா எனப்படும் ஒரிஸ்ஸாவின் கவர்னராக நியமனம் பெற்றார்.

கவர்னரின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்று அரசியற் சட்டத்தின் 156-ஆம் பிரிவு கூறுகின்றது. ராஷ்டிரபதியின் விருப்பம் உள்ளவரையே அப்பதவி என்பதும் அப்பிரிவின் விதியே. ஐந்தாண்டு நிரம்புமுன், 1956-இலேயே அவர் பதவியினின்று நீங்கினார். 1957-இல் மண்ணுலகு நீத்தார்.

முதல் மந்திரி பதவிக்கு ஜனங்களின் வாக்கு எல்லை வகுத்தது; கவர்னர் பதவிக்குச் சட்டம் எல்லை வகுத்தது. தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்த கொடைக்கோ எல்லை யாதுமில்லை. ஆதலின், அவர் வகித்த பதவியைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், அவர் செய்த கொடையைப் பின்பற்றி அப்பெருமைக்கு உரியராவோமாக.