சொந்த ஆள்களப் பெயரில் மின்னஞ்சல்: சிறு வணிகச் சேவையின் வரலாறு

சொந்த ஆள்களப் பெயரில் மின்னஞ்சல் என்பது, ஒரு நிறுவனம் தான் பதிவு செய்து வைத்திருக்கும் இணையப் பெயரை @ குறியின் வலப்பக்கத்தில் கொண்ட முகவரியின் மூலம் கடிதங்களைப் பெறுவதும் அனுப்புவதும் ஆகும். பேச்சு வழக்கில் டொமைன் எனப்படும் இந்தப் பெயர் வணிகரின் பொறுப்பில் இருக்கும். கடிதங்களைப் பெற்றுச் சேமித்து வைக்கும் கணினியான வழங்கி பெரும்பாலும் வேறு ஒரு நிறுவனத்துக்கு உரியது. அவ்வழங்கியைக் கட்டணத்துக்கோ இலவசமாகவோ அளிப்பது மின்னஞ்சல் ஹோஸ்டிங் சேவை எனப்படுகிறது.

விலைப்புள்ளி, கொள்முதல் ஆணை, வங்கி விவரம், வரித்துறை அறிவிப்பு ஆகிய அனைத்தும் இன்று மின்னஞ்சலில் வருகின்றன. முகவரி கைவிட்டுப் போனால் பல ஆண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையாளர் தொடர்பும் போய்விடும். இதைத் தடுக்கும் வழி மின்னஞ்சலின் அமைப்பிலேயே உள்ளது. பெயர் ஒருவரிடமும் அஞ்சல் பெட்டி இன்னொருவரிடமும் இருக்கலாம் என்ற ஏற்பாடு 1986ஆம் ஆண்டு உருவானது.

முகவரியின் தோற்றம்

1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன், ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். பெறுபவரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் @ குறியைத் தேர்ந்தெடுத்தார். அக்காலத்தில் குறியின் வலப்பக்கம் இருந்தது உண்மையான ஒரு கணினியின் பெயர். அந்தக் கணினி மாற்றப்பட்டால் முகவரியும் மாறியது.

வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயர்ப் பட்டியல், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழுவால் பராமரிக்கப்பட்டது. கணினிகள் பெருகியபோது ஒரே பட்டியலைக் கொண்டு சமாளிக்க இயலவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் ஆள்களப் பெயர் முறைமையை வடிவமைத்தார். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயருக்குக் கீழ் உள்ளவற்றைத் தானே நிர்வகிக்க இம்முறை இடம் தந்தது. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது.

கடிதத்தை ஒரு வழங்கி மற்றொரு வழங்கியிடம் ஒப்படைக்கும் விதிகளை ஜான் போஸ்டல் 1982இல் வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. எனப்படும் அந்நெறிமுறையின் திருத்திய வடிவமே இன்றும் நடைமுறையில் உள்ளது.

பெயரையும் கணினியையும் பிரித்த பதிவு

1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்.எஃப்.சி. 974 என்ற ஆவணம், எம்.எக்ஸ். பதிவைப் பயன்படுத்தி அஞ்சலுக்கு வழி காணும் முறையை விளக்கியது. ஓர் ஆள்களப் பெயருக்கு வரும் அஞ்சலை எந்த வழங்கியிடம் கொடுக்க வேண்டும் என்பதை அறிவிக்கும் ஒற்றை வரியே எம்.எக்ஸ். பதிவு.

தமிழ்நாட்டுச் சிற்றூர் முகவரிகளில் ஊரின் பெயருக்குப் பிறகு, பக்கத்து ஊரைக் குறித்து "வழி" என்று எழுதும் வழக்கம் உண்டு. அஞ்சலகம் இல்லாத ஊருக்கும் அந்த வழியில் கடிதம் வந்து சேரும். எம்.எக்ஸ். பதிவின் வேலையும் அதுவே. வழியை மாற்றினால் கடிதம் வேறு அஞ்சலகம் மூலம் வரும். ஊரின் பெயர் மாறாது.

ஒரே பெயருக்குப் பல எம்.எக்ஸ். பதிவுகளும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்படும். 10 என்ற எண் உள்ள வழங்கி முதலில் அணுகப்படும். அது பதில் தராவிட்டால் 20 என்ற எண் உள்ளது அணுகப்படும். எதுவுமே கிடைக்காவிட்டாலும் கடிதம் உடனே அழிவதில்லை. அனுப்பும் வழங்கி அதை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயல வேண்டும். இம்முயற்சி பொதுவாகக் குறைந்தது 4 அல்லது 5 நாள்கள் தொடர வேண்டும் என்பது நெறிமுறையின் அறிவுரை. ஆகவே சில மணி நேரத் தடங்கல் பெரும்பாலும் தாமதத்தையே உண்டாக்கும்.

சொந்த வழங்கிகளும் வாடகை முகவரிகளும்

பல்கலைக்கழகங்களும் பெரிய நிறுவனங்களும் தொடக்கத்தில் தங்கள் வழங்கியைத் தாங்களே நடத்தின. பெர்க்லியில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சென்ட்மெயில் என்ற மென்பொருள் பரவலாகப் பயன்பட்டது. 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு, சென்ட்மெயிலில் இருந்த ஒரு குறையைத் தன் நுழைவு வழிகளுள் ஒன்றாகக் கொண்டது. சொந்த வழங்கி வைத்திருப்பவர் அதன் காவலையும் ஏற்க வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. பாதுகாப்பை முதன்மையாகக் கருதி வீட்சே வெனிமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் 1998இல் வெளிவந்தது.

சிறு வணிகர்களுக்கு இவை எட்டாதவை. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. இணைப்புடன் கிடைத்த முகவரியில் இணைப்பு அளித்தவரின் பெயரே இருந்தது. 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில் இலவச முகவரியைத் தந்தது. அதுவும் வாடகை வீடு போன்றதே. சேவையை விட்டு வெளியேறினால் முகவரியை உடன் எடுத்துச் செல்ல முடியாது.

1997 இறுதியில் மைக்ரோசாஃப்ட் ஹாட்மெயிலை வாங்கியது. 1999 கிறிஸ்துமஸ் நாள்களில் பலரால் அதனுள் நுழைய முடியவில்லை. உள்நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயருக்குரிய புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தப்படாததே காரணம். நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத ஒரு மென்பொருள் வல்லுநர் தம் கடன் அட்டையில் 35 டாலர் செலுத்தியபின் சேவை மீண்டது. உலகின் பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கே நேர்ந்த இத்தவறு சிறு கடைக்காரருக்கும் எளிதில் நேரக்கூடியது.

எரிதமும் நம்பிக்கைச் சோதனையும்

ஸ்பாம் எனப்படும் எரிதம், அதாவது கேளாமல் வரும் விளம்பர அஞ்சல், 1978இலேயே தோன்றியது. அவ்வாண்டு மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துவெர்க், தம் கணினிகளின் அறிமுகக் கூட்டத்துக்கான அழைப்பை ஆர்ப்பாநெட் பயனர்கள் சுமார் 400 பேருக்கு அனுப்பினார். தொடக்க கால வழங்கிகள் யார் தந்த கடிதத்தையும் நம்பி அடுத்த வழங்கிக்குக் கடத்தின. 1990களில் எரிதம் அனுப்புவோர் இந்த நல்லெண்ணத்தைத் தவறாகப் பயன்படுத்தினர். அதன் விளைவாக, எரிதம் அனுப்பும் கணினிகளின் எண்களைத் தொகுத்த தடைப்பட்டியல்கள் உருவாயின.

எஸ்.எம்.டி.பி. அனுப்புநர் உண்மையானவரா என்று சோதிப்பதில்லை. உறையின் மேல் யாருடைய பெயரையும் எழுதலாம் என்பது போன்ற நிலை அது. ஒரு நிறுவனத்தின் பெயரிலேயே அதன் வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று நம்பவைத்துப் பணம் பறிக்கும் மோசடிக்கு இது துணைபோனது. இதனை எதிர்கொள்ள மூன்று முறைகள் வந்தன. எஸ்.பி.எஃப். முறை 2006இல் ஆவணமாக வெளியானது. ஒரு பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற வழங்கிகளை அது பட்டியலிடுகிறது. 2007இல் வெளியான டிகிம் ஒவ்வொரு கடிதத்திலும் எண்முறைக் கையொப்பம் இடுகிறது. 2015இல் ஆவணமான டிமார்க், இச்சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெயருக்கு உரியவர் அறிவிக்க உதவுகிறது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் பயனர்களுக்கு ஒரு நாளில் 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. குறைவாக அனுப்புவோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது தேவை.

இம்மாற்றங்களால், சொந்த வழங்கியிலிருந்து புறப்படும் கடிதம் எரிதப் பெட்டியில் விழாமல் காப்பது கடினமாயிற்று.

பிறர் வழங்கியில் சொந்தப் பெயர்

2006 ஆகஸ்டில் கூகுள், சொந்த ஆள்களப் பெயரை ஜிமெயிலுடன் இணைக்கும் சேவையை இலவசமாக அறிமுகம் செய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ 2008இல் தன் அஞ்சல் சேவையைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2011 ஜூனில் ஆபீஸ் 365ஐ வெளியிட்டது. எம்.எக்ஸ். பதிவில் ஒரு வரியை மாற்றிச் சிறிய கடையும் பெரிய நிறுவனத்தின் வழங்கியைப் பயன்படுத்த முடிந்தது.

இலவசம் நிலைக்கவில்லை. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு இலவசப் பதிவைக் கூகுள் நிறுத்தியது. பழைய இலவசப் பயனர்களும் கட்டணத்துக்கு மாற வேண்டும் என்று 2022 ஜனவரியில் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபின் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது. வணிகர்கள் கட்டணம் செலுத்த வேண்டும் அல்லது வெளியேற வேண்டும். பெயர் அவர்களிடமே இருந்ததால், வெளியேறியவர்கள் முகவரியை இழக்கவில்லை.

2018 செப்டம்பர் 24 அன்று ஸோஹோவின் ஆள்களப் பெயரை, மோசடி அஞ்சல் பற்றிய புகார்களைக் காரணம் காட்டி அதன் பதிவாளர் முடக்கினார். வழங்கிகள் பழுதின்றி இயங்கியும், பெயர் முடங்கியதால் உலகெங்கும் பயனர்கள் சேவையை அணுக முடியாமல் தவித்தனர். நிறுவனம் பின்னர் வேறு பதிவாளருக்கு மாறியது.

தேர்வுக்கு வரலாறு தரும் அளவுகோல்கள்

முதலாவது, ஆள்களப் பெயர் வணிகரின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். இணையதளம் அமைத்துத் தந்தவரின் பெயரிலோ வேலையை விட்டுச் சென்ற ஊழியரின் பெயரிலோ இருப்பது ஆபத்து. பதிவாளர் கணக்கின் தொடர்பு முகவரி அதே ஆள்களப் பெயரில் இருக்கலாகாது. பெயர் முடங்கினால் எச்சரிக்கைக் கடிதமும் வந்து சேராது. டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டபின், மீட்டுக்கொள்ளப் பொதுவாக 30 நாள்களும், அதன்பின் நிலுவையாக 5 நாள்களும் உண்டு. பிறகு அதை எவரும் பதிவு செய்து, பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் பெறலாம்.

இரண்டாவது, சேவையின் உறுதிமொழியைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 99.9 விழுக்காடு இயங்கும் என்றால், 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடங்கள் இயங்காமல் இருக்கலாம் என்று பொருள்.

மூன்றாவது, எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் ஆகிய மூன்றையும் அமைக்கச் சேவை இடம் தர வேண்டும். மலிவான சேவைகளில் இணையதளத்தையும் அஞ்சலையும் பலர் ஒரே வழங்கியில் பகிர்ந்துகொள்கின்றனர். அங்கு ஒருவர் எரிதம் அனுப்பினால், அதன் எண் தடைப்பட்டியலில் சேர்ந்து மற்றவர்களின் கடிதங்களும் தடைபடக்கூடும்.

நான்காவது, வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும். மார்க் கிறிஸ்பின் 1986இல் உருவாக்கிய ஐமேப் நெறிமுறை, பழைய கடிதங்களை ஒரு சேவையிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்க உதவும். எம்.எக்ஸ். பதிவை மாற்றுவதால் இனி வரும் கடிதங்கள் மட்டுமே புதிய இடத்துக்குச் செல்லும். பழையவற்றைத் தனியே எடுத்துச் செல்ல வேண்டும். தனியாக ஒரு காப்பு நகல் வைத்திருப்பதும் தேவை.

சேவை நிறுவனங்களின் விலையும் விதிகளும் மாறிக்கொண்டே வந்துள்ளன. பெயரும், அதன் பதிவுகளை மாற்றும் கடவுச்சொல்லும், பழைய கடிதங்களின் நகலும் தம் கையில் உள்ள வணிகர் எந்தச் சேவையையும் தேர்ந்தெடுக்கலாம். பொருந்தாவிட்டால் முகவரியை இழக்காமல் மாறவும் செய்யலாம்.